டியூபுலர் பெல்ஸ்: முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு

மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ ஆல்பத்தின் தொடக்கம் உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்ற பேய்ப் படத்தில் வருகிற அந்தப் பியானோதான். படம் வந்தது 1973 டிசம்பரில். ஆல்பமோ அதே ஆண்டு மே 25-ஆம் தேதியே இங்கிலாந்தில் வெளியாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை வாத்தியம் வாத்தியமாகத் தானே வாசித்துச் சேர்த்த வேலை அது. பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. படத்துக்குப் போனது தொடக்கத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டோடு நின்றுவிட்டவர்கள்தான் அதிகம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏனென்றால் முழு ஆல்பத்தில் சிரிப்பு இருக்கிறது, முரட்டுத்தனம் இருக்கிறது, கண்ணை மூடி உட்கார வைக்கிற அமைதியும் இருக்கிறது.

ஆனால் சுலபமாகக் கைக்குள் வருகிற ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். பாடல் வரிகள் கிடையாது. மொத்தம் இரண்டே டிராக், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 49 நிமிடம். எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாமல் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. மேற்கத்திய இசை படித்திருக்க வேண்டியதில்லை. ப்ராக்ரஸிவ் ராக் பற்றியும் இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை உடைத்துக்கொண்டு, ராக் வாத்தியங்களை வைத்து நீளமான உருப்படிகள் செய்து பார்த்தார்கள், அது 1970-களை ஒட்டி பிரிட்டனில் நன்றாக வேர்பிடித்தது.

முதல் படி: சரியான பதிவை எடுங்கள்

இதைச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் வீண். ஸ்ட்ரீமிங் செயலியில் பெயரைப் போட்டுத் தேடினால் வரிசையாக வந்து நிற்கும். 1975-இல் டேவிட் பெட்ஃபோர்டு இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார், அது ஒன்று. 1992-இல் இரண்டாம் பாகம், 1998-இல் மூன்றாம் பாகம். 2003-இல் ஓல்ட்ஃபீல்டே பழைய ஆல்பத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை புதிதாக வாசித்துப் பதிவு செய்தார், அதுவும் இருக்கும். போதாததற்கு, படத்தின் பெயரைப் போட்டு யார் யாரோ வாசித்த மூன்று நிமிடத் துண்டுகள்.

உங்களுக்கு வேண்டியது 1973-இன் பதிவு. அடையாளம் சுலபம். அட்டையில் கடலுக்கு மேலே மடக்கி வளைத்த ஓர் உலோகக் குழாய் மிதக்கும். ட்ரெவர் கீ செய்த படம். உள்ளே இரண்டு டிராக்தான் முக்கியம்: பாகம் ஒன்று, இருபத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே; பாகம் இரண்டு, இருபத்து மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. பதினேழு டிராக்காகப் பிரித்திருந்தால் அது 2003 பதிவு, அதை இப்போது தொடாதீர்கள். அதில் வாசிப்பு சுத்தமாக இருக்கும், தாளம் அச்சுப் பிசகாது. ஆனால் 1973-இல் கேட்கிற அவசரமும் பதற்றமும் அதில் இல்லை, எனக்கு அவை இரண்டும் இந்த இசையின் உயிர். ‘2009 மிக்ஸ்’ என்று போட்ட ஒன்றும் கண்ணில் படலாம். பழைய டேப்புகளையே எடுத்து ஓல்ட்ஃபீல்ட் மறுபடி கலந்தது. அடுக்குகள் தனித்தனியாகத் துலங்கும். இரண்டாவது, மூன்றாவது முறை கேட்கும்போது அது மிகவும் உதவும்.

இரண்டாவது படி: இடமும் நேரமும்

ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். கைக்குள் அடங்குகிற ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். இந்த ஆல்பத்தில் பேஸ் கிதார்தான் பல இடங்களில் கதையைச் சொல்கிறது, சின்ன ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும். மூல இசைத்தட்டின் பின்னட்டையிலேயே இதைப் பற்றி ஒரு வேடிக்கையான எச்சரிக்கை உண்டு: இந்த ஸ்டீரியோ தட்டைப் பழைய தகரப் பெட்டிகளில் போட முடியாது, அப்படி ஒன்று வைத்திருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடவும் என்று.

ஒரே மூச்சில் இரண்டு பாகத்தையும் கேட்க வேண்டாம். எல்பி தட்டுக்காகச் செய்தது இது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். இன்றைக்குப் பாகம் ஒன்று, நாளைக்குப் பாகம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது படி: எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொதுவாக, இசையைக் கேட்கும் முன் கதை தெரிய வேண்டாம் என்பது என் கட்சி. இந்த ஆல்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு. இதைச் செய்த விதம் தெரிந்தால் காது தானாகவே வேறு மாதிரி வேலை செய்யும்.

ஓல்ட்ஃபீல்ட் 1953 மே 15-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அக்கா சாலியோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாணியில் ஓர் ஆல்பம் போட்டுவிட்டார். அப்புறம் கெவின் அயர்ஸ் என்ற பாடகரின் குழுவில் பேஸ் கிதார் வாசித்தார். அயர்ஸிடமிருந்து ஒரு பேங்க் அண்ட் ஒலுஃப்சன் டேப் ரெக்கார்டர் அவர் கைக்கு வந்தது. அது வீட்டு உபயோகக் கருவி, பல வாத்தியங்களை அடுக்கடுக்காகப் பதிகிற வசதி அதில் கிடையாது. புதிதாகப் பதியும்போது பழையதை அழித்துவிடுகிற ஹெட் ஒன்று அதற்குள் இருக்கும். ஓல்ட்ஃபீல்ட் அந்த ஹெட்டுக்கு முன்னால் ஓர் அட்டைத் துண்டைச் செருகி, அழிக்க விடாமல் மறித்தார். இப்போது பழையதன் மேலேயே புதியது ஏறும். இப்படி லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து ஆர்கன், பேஸ், கிதார் என்று ஒவ்வொன்றாகத் தானே வாசித்து முதல் மாதிரியைத் தயார் செய்தார். அதைத் தூக்கிக்கொண்டு பல கம்பெனிகளுக்குப் போனார். யாரும் எடுக்கவில்லை. பாட்டே இல்லாத ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஷிப்டன்-ஆன்-செர்வெல் என்ற கிராமத்தில் ‘தி மேனர்’ என்ற பழைய பெரிய வீட்டை வாங்கி ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டிருந்தார் ரிச்சர்ட் பிரான்சன். அங்கே வேலை பார்த்த டாம் நியூமன், சைமன் ஹேவர்த் என்ற இருவருக்கும் அந்த டேப் பிடித்துப்போயிற்று. 1972 நவம்பரில் ஓல்ட்ஃபீல்டுக்கு ஒரு வாரம் ஸ்டூடியோவைக் கொடுத்தார்கள். பாகம் ஒன்று முழுவதும் அந்த ஒரு வாரத்தில் பதிவானது. பாகம் இரண்டை அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில், மற்ற குழுக்கள் ஸ்டூடியோவைப் பயன்படுத்தாத இடைவெளிகளில் பதிவு செய்தார்கள். பிரான்சன் புதிதாகத் தொடங்கிய வர்ஜின் ரெக்கார்ட்ஸின் முதல் வெளியீடு இதுதான்.

மேனரில் இருந்தது 16 டிராக் டேப், அதாவது பதினாறு ஒலிகளைத் தனித்தனி வரிசையாகப் பதிய இடமுள்ள டேப். கணினி கிடையாது, வெட்டி ஒட்டுவதென்றால் பிளேடை எடுத்து டேப்பையே வெட்ட வேண்டும். ஒரு வாத்தியத்தை வாசித்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசித்து, டிராக் நிரம்பிவிட்டால் சிலவற்றை ஒன்றாகக் கலந்து இடம் உண்டாக்கி, மறுபடி அடுத்தது. எலக்ட்ரிக் கிதார் சத்தம் விதவிதமாகக் கேட்கும். ஆனால் வாசித்தது ஒரே கிதாரில், ஒருகாலத்தில் ராக் பாடகர் மார்க் போலனிடம் இருந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் அது. ஆல்பத்தின் அட்டையில் போட்டிருக்கும் வாத்தியப் பட்டியலில் சிந்தசைசர் கிடையவே கிடையாது. விசித்திரமாக ஏதாவது கேட்டால் அது டேப்பின் வேகத்தை மாற்றிச் செய்ததாகவோ, கிதாரை வேறொரு பெட்டிக்குள் அனுப்பித் திரித்ததாகவோ இருக்கும்.

நான்காவது படி: முதல் சில நிமிடங்களைக் கையில் தட்டுங்கள்

பாகம் ஒன்றைப் போடுங்கள். பியானோ தொடங்குகிறது, கூடவே மணிமணியாக க்ளாக்கன்ஸ்பீல், சின்ன உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம். முதல் முறை சும்மா கேளுங்கள். அப்புறம் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து இதைச் செய்து பாருங்கள்.

அந்தப் பியானோ மெட்டு உங்களை ஏன் நிலைகொள்ளாமல் வைக்கிறது? படத்தின் பயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார வைக்கிறது. காரணம் கணக்கில் இருக்கிறது. சாதாரண ராக் பாட்டு நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ போகும். இது அப்படிப் போகாது. எழுதும்போது 15/8 என்று எழுதுவார்கள். நமக்குக் கொன்னக்கோல் சொல்லிப் பார்ப்பது அதைவிட எளிது. ‘தகதிமி தகிட’ என்று ஏழு. அதை மூன்று தடவை சொல்லுங்கள். நான்காவது தடவை மட்டும் ‘தகதிமி தகிட தக’ என்று ஒன்பது. மொத்தம் முப்பது, அதாவது இரண்டு பதினைந்து. பியானோவோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். முப்பத்திரண்டில் முடிய வேண்டிய ஒரு சுற்று இரண்டு எண்ணிக்கை முன்கூட்டியே திரும்பிவிடுகிறது. காது இன்னும் முடியவில்லை என்று காத்திருக்கும்போதே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே சுரம் பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது, மேற்கத்தியக் கணக்கில் ஈ. அது ஓர் இடத்தில் நிற்க, மற்ற சுரங்கள் அதன் மேலே ஏறி இறங்குகின்றன. நகர்வும் நிலைத்தன்மையும் ஒரே கையில். ஓல்ட்ஃபீல்ட் இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை அமெரிக்க இசைக்கலைஞர் டெர்ரி ரைலியிடமிருந்து பெற்றார். ரைலியின் ‘எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்’ அவரை மிகவும் பாதித்த ஆல்பம்.

இப்போது மறுபடி கேட்கும்போது பியானோவை விட்டுவிட்டு அதன் கீழே பேஸ் கிதார் எப்போது உள்ளே வருகிறது என்று பாருங்கள். பேஸ் வந்ததும் அதே பியானோ மெட்டு வேறு அர்த்தம் கொள்கிறது. அதுவரை தொங்கிக்கொண்டிருந்ததற்குத் தரை கிடைக்கிறது. இந்த ஆல்பத்தின் முக்கியமான உத்தி இதுதான்: மெட்டை மாற்றாமல், அதற்குக் கீழேயும் பக்கத்திலும் இருப்பதை மாற்றுவது. இதைத் தொடக்கத்திலேயே காதுக்குப் பழக்கிக்கொண்டால் கடைசி எட்டு நிமிடம் உங்களுக்குத் தானாகவே திறந்துகொள்ளும்.

ஐந்தாவது படி: நடுப்பகுதியில் வழி தவறாமல் இருக்க

ஆறாவது நிமிடத்தை ஒட்டித் தொடக்க மெட்டு விடைபெறுகிறது. பெரும்பாலானவர்கள் தொலைந்துபோவது இங்கேதான். அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று மாற்றி ஒன்றாகப் புதிய பகுதிகள் வந்துகொண்டே இருக்கும், எதுவும் ரொம்ப நேரம் நிற்காது.

இதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது, ஓல்ட்ஃபீல்டே கொடுத்தது. 2003-இல் மறுபதிவு செய்தபோது ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைத்தார். பாகம் ஒன்றில் வரிசை இப்படி: அறிமுகம், வேக கிதார்கள், பேஸ்கள், லத்தீன், ஏ மைனர் மெட்டு, ப்ளூஸ், த்ராஷ், ஜாஸ், ஆவி மணிகள், ரஷ்யன், ஃபினாலே (இறுதிப் பகுதி). இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். சில பகுதிகள் ஒரு நிமிடம்கூட இருக்காது.

எல்லாவற்றையும் பிடிக்க முயல வேண்டாம். இரண்டை மட்டும் பிடித்தால் போதும். முதலாவது, வேக கிதார்கள். மாண்டலினும் இல்லாமல் கிதாரும் இல்லாமல் இரண்டுக்கும் நடுப்பட்ட ஒரு கிறீச்சிடும் சத்தம் வரும். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட விட்டு, கிதாரை நிதானமாக வாசித்துப் பதிந்துகொள்வார்கள். பிறகு டேப்பைச் சாதாரண வேகத்தில் போட்டால் வாசிப்பு இரட்டை வேகம், சுரமும் ஒரு ஸ்தாயி மேலே. மனித விரலால் முடியாத துல்லியம் போலக் கேட்கும். உண்மையில் நிதானமாக வாசித்த விரல்தான் அது. இரண்டாவது, ஹாங்கி டாங்க் பியானோ. பழைய மதுக்கடைப் பியானோ மாதிரி கொஞ்சம் சுருதி கலைந்த சத்தம், அதையொட்டி மூக்காலேயே முனகுகிற ஒரு கூட்டம். அட்டையில் உள்ள வாத்தியப் பட்டியலில் அதற்கு ‘மூக்குக் கோரஸ்’ என்றே பெயர் போட்டிருக்கிறார்கள்.

த்ராஷ் பகுதியில் கிதார்கள் கரகரவென்று பாயும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். அடுத்து வருகிற அமைதிக்கு அந்த இரைச்சல் தேவை.

ஆறாவது படி: ஃபினாலே

இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவருக்குப் போட்டுக் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன். பாகம் ஒன்றின் கடைசி எட்டு நிமிடத்துக்கு மேல்.

முதலில் பேஸ் மட்டும் ஒரு நீண்ட வரியை வாசிக்கிறது. அந்த வரி சுற்றிச் சுற்றி வரும், அவசரமே இல்லை. அதற்கு மேல் மெட்டு அமைகிறது. பிறகு ஒரு மனிதக் குரல்: ‘கிராண்ட் பியானோ’ என்று கம்பீரமாக அறிவிக்கிறது. உடனே பியானோ அந்த மெட்டை வாசிக்கிறது. அடுத்து ஆர்கன். அடுத்து க்ளாக்கன்ஸ்பீல், பேஸ் கிதார், இரட்டை வேக கிதார், லேசாகச் சிதைந்த இரண்டு கிதார்கள், மாண்டலின், ஸ்பானிஷ் கிதார், அக்கூஸ்டிக் கிதார். ஒவ்வொரு வாத்தியத்தையும் மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்கிற மாதிரி. இத்தனையும் வாசிப்பது ஒரே ஆள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

குரல் விவியன் ஸ்டான்ஷாலுடையது. பான்ஸோ டாக் டூ-டா பேண்ட் என்ற நகைச்சுவைக் குழுவின் பாடகர். அவருடைய குழு அடுத்துப் பதிவு செய்ய அதே மேனருக்கு வந்திருந்தது, அந்தச் சந்தர்ப்பத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். குரலில் ஒரு நாடகத்தனம் உண்டு, ஆனால் ஒவ்வொரு வாத்தியத்தின் பெயரையும் அவர் ருசித்துச் சொல்கிற விதத்தைக் கேளுங்கள். வாத்தியங்களின் பெயரைச் சொல்வதே இவ்வளவு பரவசமாக இருக்க முடியுமா என்று தோன்றும்.

கடைசியாக அவர் கொஞ்சம் நிறுத்தி ‘டியூபுலர் பெல்ஸ்’ என்கிறார். மணி அடிக்கிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் நீளமான உலோகக் குழாய்களைச் சட்டத்தில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவார்களே, அதுதான். ஸ்டூடியோவுக்கு அது வந்தது தற்செயல். ஜான் கேல் என்ற இசைக்கலைஞர் அங்கே ஒரு பதிவை முடித்துக்கொண்டு போகும்போது வாடகை வாத்தியங்களை வெளியே எடுத்துப் போனார்கள். அதில் இந்த மணிகளைப் பார்த்த ஓல்ட்ஃபீல்ட், இதை மட்டும் விட்டுப் போங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வழக்கமான சுத்தியலால் அடித்தபோது சத்தம் அவருக்குப் போதவில்லை. கனமான உலோகச் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். நீங்கள் கேட்கிற மணியில் லேசான ஒரு கரகரப்பு இருக்கும், பதிவே அந்த அடியைத் தாங்காமல் விளிம்பில் நிற்கிற சத்தம். சுத்தமாக அடித்திருந்தால் இவ்வளவு கனம் வந்திருக்காது. அட்டையில் இருக்கும் வளைந்த குழாய் இந்த அடியிலிருந்துதான் பிறந்தது.

மணிக்குப் பின்னால் பெண் குரல்கள் சேர்ந்துகொள்கின்றன, சாலி ஓல்ட்ஃபீல்டும் மண்டி எல்லிஸும். கடைசியில் எல்லாம் விலகி ஒற்றைக் கிதார் மட்டும் மிஞ்சுகிறது. தயவுசெய்து அது முடிகிறவரை கை வைக்காதீர்கள்.

ஏழாவது படி: பாகம் இரண்டை வேறு காதோடு கேளுங்கள்

பாகம் ஒன்றைப் போலவே இதுவும் ஒரு பெரிய உச்சத்துக்குப் போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இது அதைவிட மெதுவானது, அந்தரங்கமானது. முதல் எட்டு நிமிடத்துக்கு மேல் கிதாரும் பேஸும் ஆர்கனும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நகர்கின்றன. வேலை முடித்து, சாப்பிட்டு, இரவில் கேட்க ஏற்றது.

அப்புறம் டிம்பனி என்ற பெரிய முரசு முழங்க, ‘பேக்பைப் போல ஒலிக்கும் கிதார்கள்’ வரும். பட்டியலிலேயே அந்தப் பெயர்தான். உண்மையில் பேக்பைப் என்ற அந்த ஸ்காட்லாந்துப் பைக்குழல் கிடையாது; கிதாரை ஒரு திரிப்புக் கருவிக்குள் அனுப்பி அந்தச் சத்தத்தை வரவழைத்தார்.

பன்னிரண்டு நிமிடத்தை நெருங்கும்போது தயாராக இருங்கள். டிரம்ஸ் பலமாக இறங்கும், ஸ்டீவ் பிராட்டன் வாசித்தது. அதற்கு மேல் குகை மனிதன் போல ஒருவர் உறுமுவார், கத்துவார், ஊளையிடுவார். அதுவும் ஓல்ட்ஃபீல்ட்தான். இசை மட்டும் போதாது, பாட்டுக் குரல் வேண்டும் என்று கம்பெனித் தரப்பில் விடாமல் கேட்டார்கள். விஸ்கி உள்ளே போயிருந்த ஒரு வேளையில் மைக்குக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கத்தும்போது டேப்பை வேகமாக ஓடவிட்டதால், சாதாரண வேகத்தில் போட்டபோது குரல் தாழ்ந்து தடித்துவிட்டது. பட்டியலில் அந்தக் குரலுக்கு ‘பில்ட்டவுன் மனிதன்’ என்று பெயர். 1912-இல் சசெக்ஸில் ஆதிமனிதனின் மண்டையோடு கிடைத்ததாக அறிவித்துப் பின்னால் மோசடி என்று நிரூபணமான விவகாரம் அது. நிரூபணமானது 1953-இல், ஓல்ட்ஃபீல்ட் பிறந்த அதே ஆண்டு.

நிறையப் பேருக்கு இந்தப் பகுதி பிடிப்பதில்லை. முதல்முறை எரிச்சலாக இருந்தால் பரவாயில்லை, தாண்டிப் போகாமல் மட்டும் இருங்கள். ஏனென்றால் இது முடிந்ததும் வருகிற ஐந்து நிமிடம், என் கணக்கில், ஆல்பத்திலேயே மிக அழகானது. ஆர்கன் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் கிதார் ஒன்று யோசித்து யோசித்துப் பேசுகிற மாதிரி நகர்கிறது. 2003-இல் இதற்கு ‘ஆம்பியன்ட் கிதார்கள்’ என்று பெயர் வைத்தார். எக்ஸார்சிஸ்ட் ஆல்பம் என்று இதை ஒதுக்குகிற யாருக்கும் நான் இந்த ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டத் தயார்.

கடைசியில் ‘செய்லர்ஸ் ஹார்ன்பைப்’ என்ற பழைய மாலுமி நடன மெட்டு. லண்டனில் ப்ராம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில் வாசித்து வாசித்து பிரிட்டிஷ்காரர்களுக்கு மனப்பாடமான மெட்டு அது. மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போய் முடியும். இவ்வளவு ஆழமான பகுதிக்குப் பிறகு இது எதற்கு என்று முதலில் தோன்றலாம். இறுக்கமாக முடித்து வணக்கம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை என்பதை இதில் பார்க்கிறேன், எனக்கு அது பிடித்திருக்கிறது.

எட்டாவது படி: மறுபடி கேட்கும்போது

ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பேஸிலிருந்து தொடங்குவது நல்லது, ஓல்ட்ஃபீல்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்தது அதில்தான். மற்றதெல்லாம் எங்கேயோ ஓடட்டும், பேஸ் மட்டும் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பின்தொடருங்கள். அடுத்த முறை ஆர்கன். அதற்கடுத்து க்ளாக்கன்ஸ்பீல், அது வருகிற இடங்கள் குறைவு, அதனால் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும். 2009 மிக்ஸை எடுக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்.

கேட்டுப் பழகிய பிறகு, 1973-இன் கடைசியில் பிபிசிக்காக ஸ்டூடியோவில் வாசித்த காணொளியைத் தேடிப் பாருங்கள். ஒரே ஆள் டேப்பில் அடுக்கியதை நேரில் வாசிக்கக் கிதார்காரர்களே ஒரு வரிசை உட்கார வேண்டியிருந்ததைக் கண்ணால் பார்க்கலாம். முதலிலேயே பார்த்துவிடாதீர்கள், யார் எதை வாசிக்கிறார்கள் என்று தேடுவதிலேயே கவனம் போய்விடும்.

அடுத்து எங்கே போவது

எக்ஸார்சிஸ்ட் புண்ணியத்தில் அமெரிக்காவில் இதன் சுருக்கிய ஒற்றைத் தட்டு 1974-இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏழாவது இடம் வரை போனது. அதை வெட்டிச் சுருக்கும்போது ஓல்ட்ஃபீல்டைக் கேட்கவே இல்லை. 1975-இல் சிறந்த வாத்திய இசையமைப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது. இவ்வளவு வெளிச்சம் அவருக்கு ஒத்துவரவில்லை, வேல்ஸ் எல்லையை ஒட்டிய மலைப்பக்கம் ஒதுங்கிப் போனார். அங்கிருந்து வந்த இரண்டாவது ஆல்பம் ‘ஹெர்ஜஸ்ட் ரிட்ஜ்’, 1974. வீட்டிலிருந்து தெரிகிற மலையின் பெயர். பிரிட்டனில் அது நேராக முதலிடத்துக்குப் போனது. சில வாரங்களில் அதைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது, வெளியாகி ஓராண்டுக்கும் மேலான ‘டியூபுலர் பெல்ஸ்’. ‘ஹெர்ஜஸ்ட் ரிட்ஜ்’ ரொம்ப மென்மையானது, உங்களுக்குப் பாகம் இரண்டின் அமைதிதான் பிடித்தது என்றால் அங்கே போங்கள்.

ஃபினாலேவின் எழுச்சி பிடித்தவர்கள் 1975-இன் ‘ஓமடான்’ கேட்க வேண்டும். ஆப்பிரிக்க டிரம்ஸ், ஐரிஷ் குழல், கோரஸ் எல்லாம் சேர்ந்து அதன் முதல் பாகம் முடிகிற விதம் ‘டியூபுலர் பெல்ஸ்’ஸை விடவும் பெரியது என்று நான் சொல்வேன். அவருடைய தாய் இறந்த ஆண்டு அது, அந்தத் துக்கம் இசைக்குள் இருக்கிறது. 1990-இன் ‘அமரோக்’கை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஒரு மணி நேரம், ஒரே டிராக், எந்த நிமிடம் எது வந்து மோதும் என்று சொல்லவே முடியாது. ‘ஓமடான்’ முழுசாகக் காதில் ஏறிய பிறகு அதை எடுக்கலாம்.